பொருந்துவது வேறு, தாங்குவது வேறு

எங்கட தலைமுறைக்குத் துவக்கு என்றால் மனதில் வருவது ஒரே படம்தான்: சென்றியில் நிற்கிற ஆமிக்காரரின் தோளில் தொங்குகிற ஒன்று. வீட்டில் அந்தச் சொல்லைச் சத்தமாகச் சொன்னாலே அம்மாமார் யன்னல் பக்கம் பார்ப்பார்கள். அம்மப்பாமாருக்கு அப்படியில்லை. அவர்கள் காலத்தில் யாழ்ப்பாணத்துக் கமக்காரர் வீடு சிலவற்றில் துவக்கு ஒரு வீட்டுச் சாமான். லைசென்ஸ் புத்தகமும் இருக்கும். அந்த லைசென்ஸுக்கு அடிப்படையான சுடுகலன்கள் கட்டளைச் சட்டம் 1916ஆம் ஆண்டில் வந்தது.

கலைப்பீடத்தில் ஒன்றாகப் படிக்கிற நாங்கள் நாலு பேரும் இதைப் பற்றிக் கதைக்கத் தொடங்கினது ஒரு மாமாவால். எங்களில் ஒருத்தியின் மாமா கனடாவில் இருக்கிறார். பழைய இங்கிலாந்து இரட்டைக்குழல் துவக்கு ஒன்று வாங்கி, லைசென்ஸோடு வைத்திருக்கிறார். அதற்குள் சின்ன உள்குழாய் ஒன்றைச் செருகி, அதைவிடச் சிறிய தோட்டாவைப் போட்டுச் சுடுகிறாராம். லீவுக்கு ஊருக்கு வந்தபோது அதைப் பெருமையாக விளங்கப்படுத்தினார். அம்மப்பா கேட்டது ஒரே கேள்வி: “போட்டால் போகும், சரி. தாங்குமோ தம்பி?”

அந்தக் கேள்வி எங்களை விடவில்லை. தேடி வாசித்தோம்.

முதலில் அளவு. மாமாவின் துவக்கு 12 போர். இந்தப் ‘போர்’ யுத்தமில்லை, குழலின் துளை. ஒரு றாத்தல் ஈயத்தைச் சமமான 12 உருண்டைகளாக வார்த்தால், ஓர் உருண்டையின் விட்டம்தான் அந்தத் துளையின் விட்டம். கிட்டத்தட்ட 18.5 மில்லிமீற்றர். 20 போர் என்றால் 20 உருண்டை, ஆகவே துளை இன்னும் ஒடுக்கம், 15.6 மில்லிமீற்றர் அளவில். எண் கூடக் கூடத் துளை சிறுக்கும். 410 மட்டும் விதிவிலக்கு, அது 0.410 அங்குலம் என்ற நேரடி அளவு.

உள்குழாய் என்பது உருக்கிலோ அலுமினியத்திலோ கடைந்த ஒரு கூடு. வெளிப்பக்கம் 12 போர் தோட்டா மாதிரி இருக்கும்; உள்ளே 20 போரோ 410 தோட்டாவோ இருக்கும். குழலின் முழு நீளத்துக்கும் போகும் வகையும் உண்டு, தோட்டா அறைக்குள் மட்டும் நிற்கும் கட்டை வகையும் உண்டு. கட்டை வகையில், சிறிய தோட்டாவின் சன்னங்கள் திடீரென்று அகலமான குழலுக்குள் விழும். பின்னால் தள்ளுகிற அடைப்பான் அந்த அகலத்தை மூடாது. வாயு பக்கத்தால் கசியும், வேகம் குறையும், சன்னம் ஒழுங்கில்லாமல் பரவும். அதனால்தான் கன பேர் அதைத் தோளுக்கு உதை குறைந்த, கிட்டத்துக் குறிக்கான ஒன்றாக மட்டும் வைத்திருக்கிறார்கள்.

ஏன் இவ்வளவு கஷ்டம், பெரிய தோட்டாவையே போடலாமே? அங்கேதான் அம்மப்பாவின் கேள்வி வருகிறது. இங்கிலாந்தின் பழைய 12 போர் துவக்குகளில் கனக்க 65 மில்லிமீற்றர் தோட்டாவுக்கு அறை வெட்டியவை. இப்போது கடையில் சாதாரணமாகக் கிடைப்பது 70. தோட்டாவில் எழுதியிருப்பது வெடித்து வாய் விரிந்த பிறகுள்ள நீளம். எனவே வெடிக்காத 70 அந்த 65 அறைக்குள் சத்தமில்லாமல் நுழைந்துவிடும். வெடிக்கும்போது வாய் விரிய இடமில்லாமல் அமுக்கம் ஏறும். 19ஆம் நூற்றாண்டின் டமாஸ்கஸ் குழல்கள் இன்னும் வில்லங்கம். இரும்புக் கீலத்தையும் உருக்குக் கீலத்தையும் முறுக்கி, சுற்றி, காய்ச்சி அடித்து ஒட்டினவை அவை. பார்க்க வடிவாக இருக்கும். உள்ளே எங்கே துரு தின்றிருக்கிறது என்று கண்ணுக்குத் தெரியாது. பர்மிங்காமில் 1813இலிருந்து, குழலுக்குள் வழமையைவிடக் கூட மருந்து போட்டுச் சுட்டுப் பார்த்து முத்திரை குத்துகிறார்கள். அந்த முத்திரை சொல்வதும் குத்தின அன்றைக்கு இருந்த பலத்தைத்தான்.

உள்குழாய் இதற்கெல்லாம் மருந்தில்லை. சின்னத் தோட்டா என்றால் மெல்லிய வெடி என்று நினைப்பது பிழை. 20 போர், 410 தோட்டாக்களின் உச்ச அமுக்கம் 12 போரைவிடக் கூடவாகவே இருக்கலாம். இன்னொன்று: 20 போர் தோட்டா தவறுதலாக 12 போர் குழலுக்குள் போனால் வழுகி முன்னுக்குப் போய்ச் சிக்கும். அறை வெறுமையாகத் தெரியும். பின்னால் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழல் வெடிக்கும், கை போகும். அதனால்தான் 20 போர் தோட்டாவின் கூட்டை மஞ்சளில் செய்கிறார்கள்.

இதை வாசிக்கும்போது எங்களுக்கு ஊர்தான் ஞாபகம் வந்தது. பொருளாதாரத் தடைக் காலத்தில் பெற்றோலைச் சொட்டாக விட்டு ஸ்ராட் பண்ணி, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டின சனம் நாங்கள். எதையும் எதற்குள்ளும் பொருத்தி ஓடவைக்கிற கைவண்ணம் எங்கட பெருமை. அது உண்மையான பெருமைதான். மண்ணெண்ணெய் ஒத்துவராவிட்டால் எஞ்சின் புகைக்கும், நிற்கும், தள்ளிக்கொண்டு வரலாம். துவக்கு அப்படி நிற்காது. வன்னிப் பக்கம் இரும்புக் குழாயில் செய்த கட்டுத்துவக்கு வெடித்துக் கால் போன செய்திகளைப் பேப்பரில் வாசித்திருக்கிறோம். அங்கேயும் யாரோ பொருந்துதா என்று பார்த்தார்கள். தாங்குமா, ஆருக்கு வெடிக்கும் என்று பார்க்கவில்லை.

அம்மப்பாவின் துவக்குக்கு என்ன நடந்தது? “பெடியள் வந்து கேட்டாங்கள் பிள்ளை. குடுத்தம். குடுக்காமல் என்ன செய்யிறது?” என்றார். 80களில் இப்படி இயக்கங்களின் கைக்குப் போன லைசென்ஸ் துவக்குகள் கனக்க. 1987 ஓகஸ்டில் பலாலியில் ஆயுதக் கையளிப்பு நடந்தபோது, பேப்பரில் வந்த படத்தில் தன்னுடையது கிடக்குதோ என்று கண்ணாடியைப் போட்டுப் பார்த்தாராம். தெரியவில்லை. மாமாவுக்கு உள்குழாய் செருக ஒரு பழைய துவக்கு இருக்கிறது. எங்கட வீடுகளில் மிஞ்சினது அந்தக் கதை மட்டும்.

ஆனால் கதை முடிந்தபாடில்லை. குரங்கு தேங்காயை உருட்டுது, பன்றி கிழங்கைக் கிண்டுது, கமக்காரருக்குத் துவக்குத் தாங்கோ என்ற கதை நாடு முழுக்க இருக்கிறது. 2025 மார்ச் 15 காலையில் ஐந்து நிமிடம் குரங்கு, மயில் எல்லாம் எண்ணச் சொன்னது அரசாங்கம். அந்தக் கமக்காரரின் நட்டத்தை நாங்கள் சிரித்துத் தள்ளவில்லை. எங்களில் இரண்டு பேர் வீட்டிலும் தென்னை இருக்கிறது. துவக்கு திரும்பி வருவதென்றால் லைசென்ஸோடு, பரிசோதனையோடு, எந்தத் தோட்டா என்று தெரிந்த கையோடு வரட்டும். கிணறு இறைக்கேக்க, சுவர் இடிக்கேக்க பழைய குழல் ஒன்று கிடைத்தால், “இதுக்கு ஏதும் பொருந்துமோ” என்று பார்க்க வேண்டாம் மக்கள். தொடாமல் விட்டுவிட்டு அறிவியுங்கோ.

எங்கட ஊரில் அதைக் கேட்கிற ஆட்கள் இன்னும் இருக்கினம். மாமா திரும்பிப் போகும்போது, குழலை ஒருக்கால் துவக்குத் திருத்துறவரிட்டக் காட்டச் சொல்லி அம்மப்பா இரண்டு தரம் சொல்லி அனுப்பினார்.