வழி கண்டவர் யார்?

'ஆறு' என்னும் தமிழ்ச்சொல் நீரோடும் நதியையும் குறிக்கும். மனிதர் நடக்கும் வழியையும் குறிக்கும். இவ்விரு பொருளையும் வகுப்பறையிலே இருபது ஆண்டுகளாக மாணவர்க்குச் சொல்லிவந்த நாம், இரண்டும் ஓரிடத்திலே கூடி நிற்பதைக் கண்ணாரக் கண்டது தமிழ் வழங்காத தூரதேசம் ஒன்றிலேயாகும். அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்திலே, வட பிளாற் நதியின் குறுக்கே எழுந்து நிற்கும் அணைக்கட்டு ஒன்றுக்குப் 'பாத்பைண்டர்' என்று பெயர். வழியைக் கண்டறிபவன் என்பது அதன் பொருள். அவ்வணையைக் காணச் சென்ற பயணத்தைப் பற்றியே இங்கு எழுதப் புகுந்தோம்.

கடந்த ஓகஸ்ட் விடுமுறையை டென்வர் நகரில் வாழும் எம் தமக்கையாரின் மகனோடு கழிக்கும் வாய்ப்புக் கிட்டியது. நீர்ப்பாசனப் பொறியியல் அவன் தொழில். அவன் மாணவனாயிருந்த காலத்தில், மருத்துவமே படிக்கவேண்டுமென்று குடும்பத்தில் எல்லாரினும் அதிகமாக வற்புறுத்தியவர் நாமே. "வழி தவறிப் போகிறாய், தம்பி" என்று ஒருநாள் பலர் முன்னிலையிற் கடிந்துகொண்டதும் உண்டு. அதனை அவன் மறந்திருப்பான் என்றே எண்ணியிருந்தோம்.

ஒரு சனிக்கிழமை வைகறையில் மோட்டார் வண்டியிற் புறப்பட்டோம். டென்வரிலிருந்து காஸ்பர் என்னும் ஊர்வரை ஏறத்தாழ 280 மைல்; அங்கிருந்து அணைக்கு மேலும் 45 மைல் அளவில் இருக்கும். நெடுந்தூரம் மரம் என்று சொல்லத்தக்க ஒன்றையும் காணோம். சாம்பர் நிறப் புதர்கள் முழங்கால் உயரத்தில் அடிவானம்வரை பரந்து கிடந்தன. வன்னிப் பெருநிலத்துக் கோடையை அறிந்த எமக்கும் அந்த வரட்சி புதிதாயிருந்தது. வன்னியில் வெயிலுக்கு ஒதுங்க நிழலேனும் உண்டு. இங்கே ஓயாத காற்றைத் தவிர வேறு துணை இல்லை.

இத்தகைய நிலத்தின் நடுவே, திடீரெனக் கருங்கற் பாறைகள் பிளந்து, ஒடுங்கிய பள்ளத்தாக்கு ஒன்று தோன்றுகிறது. கல்லை அறுத்து அதனை உண்டாக்கியது நதியே. அந்தப் பிளவில்தான் அணை நிற்கிறது. 1905 ஆம் ஆண்டு தொடங்கி 1909 இல் முடிக்கப்பட்டது. உயரம் 214 அடி. மேல்விளிம்பின் நீளம் 432 அடி. அருகிலேயே வெட்டியெடுத்த கருங்கற்களை அடுக்கி, நீரின் தள்ளுகையை இருபுறப் பாறைகளும் தாங்குமாறு வில்போல வளைத்துக் கட்டியிருக்கிறார்கள். சீமெந்து முதலியவை காஸ்பரிலிருந்து விலங்குகள் பூட்டிய வண்டிகளிலே வந்துசேர்ந்தனவாம். இங்கே தேங்கும் நீர் வயோமிங், நெபிறாஸ்கா ஆகிய இரு மாநிலங்களின் விளைநிலங்களுக்குப் பாய்கிறது.

அணையின் மேல் நின்று கீழே நோக்கியபோது மருமகன் சிரித்தான். "மாமா, இந்தப் பெயர் யாருக்கு உரியது தெரியுமா? இந்தப் பள்ளத்தாக்கிலே படகு கவிழ்ந்து, கையில் இருந்ததையெல்லாம் பறிகொடுத்த ஒருவருக்கு."

அந்த ஒருவர் ஜோன் சார்ள்ஸ் பிரேமொண்ட். அமெரிக்க இராணுவத்தின் நில அளவைப் பிரிவைச் சேர்ந்தவர். 1842 ஆம் ஆண்டு மேற்கு நோக்கிய பாதையை ஆராய்ந்து வரும்படி அனுப்பப்பட்டார். திரும்பும் வழியிலே, ஓகஸ்ட் 24 ஆம் நாள், காற்றடைத்த இறப்பர் படகொன்றில் இந்நதியின் சுழல்களுக்குள் இறங்கினார். படகு பாறையில் மோதிக் கவிழ்ந்தது. உயிர்கள் தப்பின, ஆனால் கருவிகளும் குறிப்பேடுகளிற் பலவும் வெள்ளத்தோடு போயின. அவருடைய பட்டப்பெயரே பிற்காலத்தில் இவ்வணைக்குச் சூட்டப்பட்டது.

ஜேம்ஸ் பெனிமோர் கூப்பர் என்னும் நாவலாசிரியர் 1840 இல் 'பாத்பைண்டர்' என்ற பெயரில் ஒரு கதை வெளியிட்டிருந்தார். சில ஆண்டுகளில் அதே பெயரைப் பிரேமொண்டுக்கு மக்கள் வழங்கினர். புகழ் பெருகி, 1856 இல் குடியரசுக் கட்சியின் முதலாவது ஜனாதிபதி வேட்பாளராக நின்று தோற்கும் அளவுக்கு அவரை உயர்த்தியது. எனினும் அவர் கண்ட வழிதான் எது? அவருக்கு முன்னே நடந்து வழிகாட்டியவர் கிற் கார்சன். படங்களை வரைந்தவர் சார்ள்ஸ் புரொய்ஸ். நாடெங்கும் விரும்பிப் படித்த அறிக்கைகளை எழுதுவதிலே துணைநின்றவர் மனைவி ஜெசி. மலைத்தொடரைக் கடக்கும் தென்கணவாய் வழியாக றொபேட் ஸ்ருவாட் என்பவரின் குழு 1812 இலேயே நடந்திருந்தது. 1824 இல் ஜெடிடாயா சிமித் என்பவருக்கு அக்கணவாயைச் சொல்லிக் கொடுத்தவர்கள் அந்நிலத்துப் பழங்குடியினரான குரோ மக்கள். தோலை விரித்து, மணலைக் குவித்து, மலைகள் நிற்கும் முறையைக் காட்டினர் என்று கூறுவர்.

அவர்களுக்கும் முன்னே வழி கண்டது எது? நதியே என்று எமக்குத் தோன்றியது. பிளாற், வட பிளாற், சுவீற்வோட்டர் என்னும் ஆறுகளின் கரையைப் பற்றியே அந்தப் பாதை நெடுந்தூரம் செல்கிறது. நீர் இன்றி மாடும் நடவாது, மனிதனும் நடவான். ஆறு என்றால் வழி என்று நம் முன்னோர் ஏன் வைத்தனர் என்பதை நாம் அன்றுதான் விளங்கிக்கொண்டோம்.

ஆயினும் ஒன்றை இங்கே மறைத்தல் தகாது. குரோ மக்களும் அவர்போன்ற பிறரும் அறிந்திருந்த வழியிலேதான் இலட்சக்கணக்கான குடியேற்றக்காரர் பின்னர் வண்டிகளிற் சென்றனர். அவ்வழியே அப்பழங்குடிகளின் நிலம் கைமாறும் வழியுமாயிற்று. வழி கண்டதற்குப் பெயர் பெற்றவர் ஒருவர். வழியைச் சொன்னதற்கு விலை கொடுத்தவர் வேறொருவர்.

அணையருகே நிறுத்தியிருந்த மோட்டார் வண்டியொன்றின் பின்புறத்திலும் 'பாத்பைண்டர்' என்ற எழுத்துக்கள் மின்னின. அதன் உள்ளே செய்கோளின் உதவியால் வழிசொல்லும் படம் ஒளிர்ந்துகொண்டிருந்தது. வழி தேடவே தேவையில்லாத வண்டிக்கு இப்பெயரா என்று இருவரும் நகைத்தோம். அந்த நகைப்பிலிருந்து, இப்பெயர் தாங்கிய ஏனையவற்றைப் பற்றிய பேச்சு வளர்ந்தது.

கடலிலே ஒன்று உண்டு. 'பாத்பைண்டர்' என்னும் பிரித்தானியப் போர்க்கப்பல், 1914 செப்ரெம்பர் 5 ஆம் நாள் ஸ்கொத்லாந்துக் கரைக்கப்பால் ஜேர்மன் நீர்மூழ்கியின் ரோப்பிடோவினால் மூழ்கடிக்கப்பட்டது. வானிலே ஒன்று உண்டு. 1942 இல் பிரித்தானிய விமானப்படை 'பாத்பைண்டர்' படைப்பிரிவை அமைத்தது. இரவிலே முன்னே பறந்து, இலக்குகளின்மீது வண்ண ஒளிக்குண்டுகளைப் போட்டு, பின்வரும் விமானங்களுக்கு இடங்காட்டுவது அதன் பணி. அந்த ஒளியைப் பின்பற்றி எத்தனையோ நகரங்கள் எரிந்தன. வழிகாட்டுதல் தன்னளவில் நன்மையும் அன்று, தீமையும் அன்று. அது சென்று முடியும் இடத்தையும் கேட்கவேண்டும்.

வேறு வகையானவையும் உண்டு. 'மார்ஸ் பாத்பைண்டர்' 1997 ஜூலை 4 ஆம் நாள் செவ்வாய்க் கிரகத்திலே காற்றுப்பைகள் சூழ, துள்ளித்துள்ளி இறங்கியது. அதனுள்ளிருந்து வெளிவந்த 'சொஜேணர்' என்னும் சிறுவண்டியின் நிறை பத்துக் கிலோகிராமுக்குச் சற்று அதிகம். அது உருண்ட தூரம் ஏறத்தாழ 100 மீற்றர் மாத்திரமே. செப்ரெம்பர் 27 ஆம் நாளுடன் தொடர்பு அற்றது. ஆனால் அதே காற்றுப்பை முறையாலேதான் 2004 இல் பெரிய வண்டிகள் இரண்டு அங்கே இறங்கின. ஐரோப்பியர் 2015 டிசெம்பரில் அனுப்பிய 'லிசா பாத்பைண்டர்' என்னும் விண்கலம், பொன்னும் பிளாற்றினமும் கலந்த இரு கனசதுரக் கட்டிகளைப் புறவிசை எதுவும் அணுகாது மிதக்கவிடமுடியுமா என்று சோதித்தது. முடியும் என்று காட்டியபின், 2017 இல் அதன் பணி நிறுத்தப்பட்டது. ஈர்ப்பு அலைகளைத் தேடும் பெரிய 'லிசா' 2035 அளவில் புறப்பட இருக்கிறது. இவை தமக்கென ஒன்றும் தேடவில்லை. பின்வருவோர்க்கு வழி உண்டு என்று சொல்லிவிட்டு ஓய்ந்தன.

மாலையிலே, சற்றுத் தொலைவிலுள்ள சுதந்திரப் பாறையை அடைந்தோம். படுத்திருக்கும் பெரியதோர் ஆமை போன்ற கருங்கற் குன்று அது. ஜூலை 4 ஆகிய சுதந்திர நாளுக்குள் இதனை அடைந்தால், பனிக்காலத்துக்கு முன் மலைகளைக் கடக்கலாம் என்பது குடியேற்றக்காரரின் கணக்கு. அடைந்தவர்கள் தம் பெயர்களைக் கல்லிலே செதுக்கிச் சென்றனர். பல இன்று தேய்ந்துவிட்டன. அவர்கள் எவரையும் வழிகாண்போர் என்று உலகம் அழைக்கவில்லை. ஆயினும் பின்னால் வந்தவன் அப்பெயர்களைப் படித்து, "இதுவரை ஒருவர் உயிரோடு வந்திருக்கிறார்" என்று தேறியிருப்பான் அல்லவா?

அந்தக் கல்லின்மேல் அமர்ந்து, பத்துப்பாட்டில் உள்ள ஐந்து ஆற்றுப்படைகளைப் பற்றி மருமகனுக்குச் சொன்னோம். பரிசில் பெற்று வீடு திரும்பும் கலைஞன், வழியிலே வறுமையுற்ற மற்றொருவனைச் சந்திக்கிறான். தான் சென்ற வழியையும், இடையில் உள்ள நிலங்களையும், இறுதியில் இருக்கும் வள்ளலையும் அவனுக்குச் சொல்லி அனுப்புகிறான். தான் பெற்றதைப் பிறனும் பெறவேண்டும் என்பதே அதன் உயிர்.

அவன் சிறிது நேரம் பேசாதிருந்தான். பின்னர், "அப்படியானால், வழி சொல்பவர் அந்த வழியிலே தாமே போய்வந்தவராக இருக்கவேண்டும், இல்லையா மாமா?" என்று கேட்டான்.

அவன் எதனையும் குத்திக்காட்டக் கருதிக் கேட்கவில்லை. ஆனால் எம் நெஞ்சு அதனை அவ்வாறே ஏற்றுக்கொண்டது. நாம் மருத்துவம் படித்தவரல்லர். அத்தொழிலின் இராப்பகல் உழைப்பை அறிந்தவருமல்லர். ஊரார் புகழ்ந்த வழியை எமது வழிபோல எடுத்துச்சொல்லி, அதில் செல்ல மறுத்தவனை வழி தவறியவன் என்றோம்.

"உண்மைதான், தம்பி. அன்று நாம் உனக்குச் சொன்னது நாம் நடந்த வழியன்று" என்றோம்.

அவன் மறுமொழி கூறவில்லை. எழுந்து கைகொடுத்தான். இருள் பரவுமுன் குன்றிலிருந்து இறங்கவேண்டியிருந்தது. எமக்கோ அந்தச் சரிவு பழக்கமில்லாதது. அவன் முன்னே நடந்து, ஒவ்வோர் அடியிலும் நின்று, கால் வைக்கவேண்டிய இடத்தைச் சொல்லிக்கொண்டே இறங்கினான். அவன் சொன்ன இடங்களிலேயே கால் வைத்து நாமும் இறங்கினோம்.