சித்தியின் நகைகளும் திருவேற்காட்டு அம்மனின் நகைகளும்

நெமிலிச்சேரி

அன்புள்ள கலா,

சென்ட்ரலில் திருவள்ளூர் லோக்கலைப் பிடித்து, ஆவடி, இந்துக் கல்லூரி, பட்டாபிராம் எல்லாம் தாண்டி இங்கே வந்து சேர்ந்தேன். வழியில் பட்டாபிராம் டைடல் பார்க்கின் 21 மாடியும் கண்ணில் பட்டது. இறங்கினால், வண்டலூரிலிருந்து மீஞ்சூருக்குப் போகும் வெளிவட்டச் சாலையின் லாரிச் சத்தம். சித்திதான் வரச் சொல்லியிருந்தாள். தை மாதம் பேத்திக்குக் கல்யாணம். அதற்குள் நகைகளைப் பிரித்து ஒழுங்குபடுத்த வேண்டுமாம்.

சித்தப்பா ஆவடி டாங்கி ஃபேக்டரியில் வேலை பார்த்தவர். போனஸ் வந்தால் ஒரு நகை, அதுதான் இந்த வீட்டுக் கணக்கு. அத்தனையும் பீரோவுக்குள் பிஸ்கட் டப்பாவிலும், நகைக்கடை கொடுக்கும் சிவப்புப் பர்ஸ்களிலும், ரோஸ் தாள் பொட்டலங்களிலும் அடைந்து கிடந்தன. பாதிப் பொட்டலத்தில் என்ன இருக்கிறதென்று சித்திக்கே தெரியாது. ஜோடி தொலைந்த ஜிமிக்கி, திருகாணி இல்லாத தோடு, கொக்கி உடைந்த செயின், கறுத்துப்போன கொலுசு. கவரிங் வளையலும் தங்க வளையலும் ஒரே பர்ஸில் கிடந்து, எது எதுவென்று பார்க்கவே ஆவடிக்குப் போய்க் கடை மெஷினில் வைக்க வேண்டியதாயிற்று.

“இது உங்க பாட்டியோட அட்டிகை. இதையும் உருக்கச் சொல்லுவியாடி?” என்றாள். இல்லை என்றேன். அதை அவள் இன்னும் போட்டுக்கொள்கிறாள். ஆனால் சேதாரம், செய்கூலி கொடுத்து வாங்கி, ஒரு விசேஷத்துக்கும் கழுத்தில் ஏறாத மூன்று ஆரங்களை எதற்காக வைத்திருக்கிறாள்? பேத்தியோ, ஒட்டியாணம் வேண்டவே வேண்டாம் என்று ஒரே பிடிவாதம்.

ஞாயிற்றுக்கிழமை திருவேற்காட்டுக்குப் போனோம். எங்கள் வாக்குவாதம் அங்கேதான் முடிந்தது. கருமாரியம்மனுக்கும் சித்தியின் கஷ்டம் வந்ததுதான், பல மடங்கு பெரிதாக. பக்தர்கள் உண்டியலில் போடும் தாலி, பொட்டு, சின்னச் சின்ன நகைகள் அம்மனுக்குச் சாத்த முடியாதவை. அவை ஆண்டுக்கணக்கில் சேர்ந்துகொண்டே போகும். 2021 அக்டோபர் 13 அன்று திருவேற்காடு, சமயபுரம், இருக்கன்குடி ஆகிய மூன்று அம்மன் கோயில்களில் இவற்றைப் பிரிக்கும் வேலையை அரசு தொடங்கியது. அம்மனுக்குச் சாத்தும் நகைகளைத் தொடக் கூடாது. மற்றவற்றில் கல், அரக்கு, அழுக்கு நீக்கி, மும்பையில் உள்ள மத்திய அரசு நாணயச்சாலையில் சொக்கத் தங்கக் கட்டியாக்கி, ஸ்டேட் வங்கியில் முதலீடு செய்வது திட்டம். மேற்பார்வைக்கு ஓய்வுபெற்ற நீதிபதிகள் மூன்று பேர்.

எதிர்ப்பும் வந்தது. வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. கணக்கெடுப்பு நடக்கட்டும், அறங்காவலர்கள் நியமனமாகும் வரை உருக்க வேண்டாம் என்றது நீதிமன்றம். இந்த வரிசைதான் எனக்குப் பிடித்தது: முதலில் பட்டியல், பிறகு கேட்க உரிமை உள்ள ஆள், அதற்குப் பிறகே நெருப்பு. 2025 ஏப்ரலில் அரசு சட்டமன்றத்தில் சொன்ன கணக்குப்படி 21 கோயில்களின் 1,074 கிலோ தங்கம் இப்படி முதலீடாகி, ஆண்டுக்கு 17.81 கோடி ரூபாய் வட்டி வருகிறது.

சித்தி திரும்பி வரும்போது ஆட்டோவில் ஒன்றும் பேசவில்லை. வீட்டுக்கு வந்ததும் பழைய கணக்கு நோட்டை எடுத்து நீட்டினாள். ஒவ்வொன்றாக எடை போட்டு எழுதினோம்: என்ன நகை, எத்தனை கிராம், கல் உண்டா, யார் கொடுத்தது, இனி யாருக்கு. 916 முத்திரையோடு ஆறு எழுத்து ஹெச்யூஐடி எண் இருந்தால் அதையும் குறித்தோம். பழைய நகையில் அது இருக்காது, 2021-இல் வந்த ஏற்பாடு. நகையைப் போட்டோவும் எடுத்தோம். முத்துமாலையைப் பிளாஸ்டிக் பையிலிருந்து விடுவித்துப் பருத்தித் துணியில் சுற்றினோம். கெம்புக் கல் நகைகளைப் பூந்திக்கொட்டைத் தண்ணீரில் ஊறவைக்கப் போனவளைத் தடுத்துவிட்டேன். கல்லுக்கு அடியில் இருக்கும் தகட்டில் தண்ணீர் இறங்கினால் கல் மங்கிவிடும்.

நெமிலிச்சேரிக்கு அடுத்த ஸ்டேஷன் திருநின்றவூர், மனசுக்குள்ளேயே சிவனுக்குக் கோயில் கட்டிய பூசலார் ஊர். நகையையும் அப்படி மனசுக்குள்ளேயே பூட்டிக்கொள்ளலாமே என்றேன். சித்திக்குச் சிரிப்பு வரவில்லை.

மூன்று ஆரங்களும் போகின்றன. அந்தத் தங்கத்தில் பேத்தி தினமும் போடும்படி மெல்லிய செயினும் வளையலும் வரும். அட்டிகை பெரிய மகளுக்கு என்று நோட்டில் எழுதியாயிற்று. சின்ன மகளும் அதில் கையெழுத்துப் போட்டாள். அவள் முகம் சரியில்லைதான். ஆனாலும் சித்தி உயிரோடு இருந்து பதில் சொல்லும்போதே அந்தக் கோபம் வரட்டும்.

உனக்கும் ஒரு வேலை சொல்கிறேன். லாக்கருக்குள் என்ன இருக்கிறதென்று வங்கிக்குத் தெரியாது. ஊழியர் மோசடியாலோ தீயாலோ நகை போனால், 2022 ஜனவரி முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதிப்படி வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப் போல் 100 மடங்கு வரைதான். ஆகவே இந்த மாதத்துக்குள் லாக்கரைத் திறந்து பட்டியல் எழுது. ஒரு பிரதி உன் மகளிடம் இருக்கட்டும்.

அன்புடன்,
மீனா