உப்புக் காற்றில் நான்கு கம்பிகள்

மே 4, ஞாயிறு

அக்னி நட்சத்திரம் தொடங்கிவிட்டது. புதுச்சேரியில் துருப்பிடிக்காத பொருள் ஒன்றைச் சொல்லச் சொன்னால் யோசித்துத்தான் சொல்ல வேண்டும். ஜன்னல் கம்பி, சைக்கிள் செயின், கேஸ் அடுப்பு பர்னர், சாவிக்கொத்து எல்லாம் இங்கே ஒரே நிறம். குருசுக்குப்பத்தில் எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே நாலைந்து தெருதான். மதியம் கடற்காற்று ஏறியதும் ஜன்னலைத் திறப்பதா மூடுவதா என்று தினமும் ஒரு விவாதம் நடக்கும். அம்மாவுக்குக் காற்று வேண்டும். எனக்கு பேஸ் கிதாரின் கம்பி பிழைக்க வேண்டும். பெரும்பாலும் அம்மாதான் ஜெயிப்பாள்.

இன்று கம்பிகளைத் தளர்த்தி அடிப்பக்கம் பார்த்தேன். விரல் படும் மேல்பக்கம் புதுசுபோல மினுக்குகிறது. ஃப்ரெட்டைப் பார்த்த பக்கத்தில் செம்பழுப்புப் புள்ளிகள். E கம்பியில் அதிகம், G கம்பியில் அநேகமாக இல்லை. பழைய பனியன் துணியை வைத்து இழுத்ததும் துணியில் கறுப்பும் காவியுமாக ஒரு கோடு விழுந்தது.

கம்பியின் கட்டுமானமே அப்படி. நடுவில் அறுகோண எஃகு இழை. அதன்மேல் நிக்கல் பூசிய எஃகை நெருக்கமாகச் சுற்றியிருப்பார்கள். நிக்கல் பூச்சு மிக மெல்லியது. ஃப்ரெட்டில் உரசி அது எங்கே தேய்கிறதோ அங்கே உப்பு ஈரம் இறங்கி எஃகைத் தின்னத் தொடங்கும். சுற்றுகளுக்கு நடுவே இருக்கிற பள்ளங்களில் வியர்வை, எண்ணெய்ப் பிசுக்கு, விரலில் உதிர்ந்த தோல் எல்லாம் போய் அடையும். தடித்த கம்பியில் பள்ளமும் பெரிசு, அழுக்கும் அதிகம். E முதலில் சாவது அதனால்தான்.

மே 11, ஞாயிறு

நேற்று முத்தியால்பேட்டையில் ஒரு கல்யாண வரவேற்பு. மாப்பிள்ளையின் மாமா 'பனிவிழும் மலர்வனம்' கேட்டார். 1982-இல் வந்த 'நினைவெல்லாம் நித்யா' படப் பாட்டு. பேஸ் வாசிக்கிறவனுக்கு அந்தக் கால இளையராஜா பாட்டு என்றால் பரீட்சை மாதிரி. தாளத்துக்குத் துணையாகச் சும்மா நிற்க விடமாட்டார். பேஸ் தனியாக ஒரு மெட்டுப் போட்டுக்கொண்டு கீழே நடந்து போகும். சசிதரன் வாசித்ததைக் கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். எனக்குப் பின்னால் வந்த பையன்கள் ரகுமான் பாட்டில் கீத் பீட்டர்ஸ் வாசித்ததைக் கேட்டு வளர்ந்தவர்கள். இரண்டு கூட்டத்துக்கும் ஒரு விஷயத்தில் பேச்சு வேறில்லை: பேஸில் ஒவ்வொரு சுரமும் தெளிவாகக் காதில் விழ வேண்டும்.

நேற்று விழவில்லை. முதல் சரணம் முடிந்ததும் கீபோர்டு தம்பி காதருகே குனிந்து சொன்னான்: "ண்ணா, பேஸ் வருது, நோட்டு வரல."

இதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது. திறந்த E கம்பியின் அதிர்வு விநாடிக்கு 41. நம்மூர் மேடைக்கு வருகிற ஸ்பீக்கர் பெட்டிகளில் பாதி அந்த ஆழத்துக்கு இறங்காது. பந்தல் காலில் கட்டுகிற குழாய் ஸ்பீக்கரில் அதற்கு வாய்ப்பே கிடையாது. ஆனாலும் ஜனங்களுக்குப் பேஸ் கேட்கிறதே, எப்படி? கம்பி 41-இல் மட்டும் அதிர்வதில்லை. 82, 123, 164 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. அவை வந்து சேர்ந்தால் போதும், வராத 41-ஐக் காதே இட்டு நிரப்பிக்கொள்ளும். துருவும் அழுக்கும் ஏறிய கம்பியில் முதலில் அடங்குவது மேல்மடங்குகள். அவை போனபின் மிஞ்சுவது மூட்டை விழுகிற சத்தம்தான். என்ன சுரம் என்று மூட்டையிடம் கேட்க முடியாது.

திரும்புகிற வழியில், சம்பா கோவில் என்கிற மாதா கோவிலின் பாட்டுக்குழுவில் வெகுநாளாக வாசிக்கிற அண்ணனைப் பார்த்தேன். விஷயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"கம்பி அறுந்தாத்தான்டா மாத்தணும். ஜேமர்சன் மாத்துனாரா?"

டெட்ராய்ட்டில் மோட்டவுன் பாட்டுகளுக்கு வாசித்த ஜேம்ஸ் ஜேமர்சன் கம்பி மாற்றவே மாட்டார் என்பது உலகறிந்த கதை. அவர் போட்டிருந்தது ஃபிளாட்வூண்ட், பட்டையான இழை சுற்றிய வழவழப்பான கம்பி. அதில் அழுக்கு அடையப் பள்ளம் கிடையாது. டெட்ராய்ட்டில் கடலும் கிடையாது. அண்ணன் போட்டிருப்பதும் ஃபிளாட்வூண்ட்தான், மாதா பாட்டுக்கு அது அமைப்பாகப் பொருந்தும். நான் வாசிப்பது ரவுண்ட்வூண்ட். 'தி ஹூ' இசைக்குழுவின் ஜான் என்ட்விசில் 1966-இல் ரோட்டோசவுண்ட் கம்பெனியோடு உட்கார்ந்து செப்பனிட்ட வகை. பியானோ மாதிரி கணீரென்று ஒலிக்கும், சீக்கிரம் மங்கும். என்ட்விசிலுக்குக் கச்சேரிக்கு ஒரு செட் மாற்ற வசதி இருந்தது.

மே 23, வெள்ளி

சென்னையிலிருந்து பார்சல் வந்துவிட்டது. பழைய செட்டுக்குப் பதிலாக வரவழைத்த கோட்டட் ஸ்ட்ரிங்ஸ், அதாவது பூச்சு போட்ட கம்பிகள். சாதாரண செட்டைப்போல இரண்டு பங்கு விலை. வீட்டில் விலையைப் பற்றிப் பேச்செடுக்கவில்லை.

பூச்சு போட்ட கம்பியின் பூர்வீகம் இசைக்கருவிக் கடையில் இல்லை. 1938-இல் டுபான்ட் ஆய்வாளர் ராய் பிளங்கெட் தற்செயலாகக் கண்டது டெஃப்லான். நான்ஸ்டிக் தோசைக்கல்லில் இருக்கிறதே, அதே சரக்கு. 1969-இல் பாப் கோர் அதைச் சூடாக்கி வெடுக்கென்று இழுத்தார். அறுந்துபோகும் என்று நினைத்தது பல மடங்கு நீண்டு, கண்ணுக்குத் தெரியாத துளைகள் கொண்ட படலமானது. மழைக்கோட்டுக்கும் செயற்கை ரத்தக்குழாய்க்கும் அதுதான் போனது. அரிசோனாவில் கோர் கம்பெனியின் மருத்துவப் பிரிவில் இருந்த டேவ் மையர்ஸ் தன் சைக்கிள் கியர் கேபிளில் அதைப் பூசிப் பார்த்தார். அங்கிருந்து பேச்சு கிதார் கம்பிக்குத் தாவியது. தொண்ணூறுகளின் பின்பாதியில் 'எலிக்சர்' என்று கடைக்கு வந்தது. இதயத்துக்கு வேலை செய்தவர்கள் கைக்கு வந்து கிதார் கம்பி பிழைத்தது என்பதில் எனக்கொரு தனி சந்தோஷம்.

பூச்சில் இரண்டு வகை உண்டு. சுற்றி முடித்த கம்பியை முழுசாகப் படலத்தால் மூடுவது ஒன்று, அதில் பள்ளமும் மூடிக்கொள்ளும். சுற்றுவதற்கு முன்பே இழைக்குப் பூசிவிடுவது இன்னொன்று. அதில் விரலுக்குக் கம்பியின் சொரசொரப்பு கொஞ்சம் மிஞ்சும். நான் வாங்கியது முதல் வகை. எந்தக் கம்பெனி என்பது இங்கே முக்கியமில்லை.

மாட்டும்போது ஒன்றைக் கவனித்தேன். டியூனர் முளையில் கம்பியை மடிக்காமல் வெட்டக்கூடாது என்று எப்போதும் சொல்வார்கள், உள்ளிழைமேல் சுற்று நழுவிவிடும். பூச்சுக் கம்பியில் இன்னொரு காரணமும் சேர்கிறது. வெட்டிய முனையில் எஃகு அம்மணமாக நிற்கிறது. நம்மூரில் துரு அந்த வழியாகத்தான் உள்ளே வரும். முனையில் ஒரு துளி நெயில் பாலிஷ் வைத்தேன். தங்கச்சி பாட்டிலைத் தேடிக்கொண்டிருக்கிறாள்.

மே 25, ஞாயிறு

முதல் இரண்டு நாளும் பிடிக்கவில்லை. விரல் வழுக்குகிறது. ஸ்லைடு போனால் இரண்டு ஃப்ரெட் தள்ளிப் போய் நிற்கிறது. புதுக் கம்பியிடம் எதிர்பார்க்கிற அந்தக் கணீர் இதில் இல்லை. பிறக்கும்போதே ஒரு மாதம் வாசித்த கம்பி மாதிரி இருக்கிறது. விரல் உரசும் கீச்சொலியும் இல்லை, அது மட்டும் லாபம்.

ஜூன் 22, ஞாயிறு

நேற்று உலக இசை நாள். பிரான்சில் 1982-இல் தொடங்கியது, புதுச்சேரிக்கு அது சொந்தக்காரர் வீட்டு விசேஷம் போல. கடற்கரையில் வாசித்தோம். இரவில் அங்கே வாசித்தால் கிதார் உடம்பு முழுக்க ஈரம் பூத்துவிடும். வீட்டுக்கு வந்து துடைத்தேன், துணி சுத்தமாகவே இருந்தது.

ஜூலை 6, ஞாயிறு

குறை ஒன்றை எழுதி வைக்க வேண்டும். பேஸில் பிரிட்ஜ் எர்த்தோடு இணைந்திருக்கும். கம்பியைத் தொட்டால் நம் உடம்பும் எர்த்தாகி 'ம்ம்' என்ற இரைச்சல் அடங்கும். பூச்சுக் கம்பியில் விரலுக்கும் உலோகத்துக்கும் நடுவே மின்சாரம் கடக்காத தோல். நேற்றைய மேடையில் கம்பியைத் தொட்டும் இரைச்சல் கொஞ்சம் மிஞ்சியது. பிரிட்ஜில் கை வைத்ததும் அடங்கியது. ஜெனரேட்டரை நம்பி ஓடுகிற மேடைகளில் உள்ளங்கையின் ஓரத்தைப் பிரிட்ஜில் வைத்தே வாசிக்கப் பழக வேண்டும்.

இன்னொன்று: பிக் வைத்து வாசித்தால் பிக்கப்புக்கு மேலே பூச்சு வெள்ளை நூலாகப் பிரிகிறது. அந்த வெள்ளை நூல் ஒலியைக் கெடுக்கவில்லை, கண்ணைத்தான் உறுத்துகிறது. விரலால் வாசிக்கிறவர்களுக்கு இந்தத் தொல்லை குறைவு.

ஆகஸ்ட் 16, சனி

நேற்று வீராம்பட்டினம் செங்கழுநீர் அம்மன் தேர். பிரெஞ்சுக்காரர் காலத்தில் கவர்னர் வடம் பிடித்த வழக்கம் இன்றும் துணைநிலை ஆளுநர் வரை தொடர்கிறது. அந்தப் பெருமையில் எங்களுக்குப் பங்கில்லை, எங்கள் வேலை ராத்திரிக் கச்சேரி. அலைச்சத்தம் கேட்கிற தூரத்தில் மேடை. ஸ்பீக்கர் வழக்கமான ரகம்தான்.

இடைவேளையில் கீபோர்டு தம்பி தானாகவே சொன்னான்: "இன்னிக்கி நோட்டு வருதுண்ணா."

இன்று காலையில் உட்கார்ந்து சோதித்தேன். 12-ஆவது ஃப்ரெட்டுக்கு மேலே விரலை லேசாக வைத்து ஹார்மோனிக்ஸ் எடுத்து, பின்பு அதே இடத்தில் அழுத்தி வாசிப்பது. அழுக்கேறிய கம்பியில் எடை இடத்துக்கு இடம் மாறிவிடும், அதனால் இரண்டும் ஒத்துப்போகாது. பழைய செட்டில் E அப்படித்தான் காலை வாரும், G மட்டும் நல்ல பிள்ளையாக இருக்கும். ஒரே கிதாரில் இரண்டு கருவி வாசிப்பதுபோல ஆகிவிடும். இப்போது நாலும் ஒத்துப்போகின்றன. நாலுமே முதல் நாளைவிட ஒரு பிடி மங்கல், ஆனால் ஒரே அளவு மங்கல்.

பூச்சுக் கம்பி என்றாலே எல்லோரும் எத்தனை நாள் பளிச்சென்று ஒலிக்கும் என்றுதான் கேட்கிறார்கள். என் கணக்கில் அது இரண்டாம்பட்சம். நாலு கம்பியும் சேர்ந்து கிழடாவதற்குத்தான் அந்த இரண்டு பங்கு விலை. ராஜா பாட்டில் பேஸ் ஒரே அடியில் E-யிலிருந்து G வரை ஏறி இறங்கும். நடுவில் குரல் மாறினால் மெட்டு உடைந்துபோகும். ஸ்லாப் வாசிக்கிற பையன்களுக்கு இதை வாங்கச் சொல்லமாட்டேன், அவர்களுக்கு அந்தக் கணீர்தான் சோறு. கல்யாணத்துக்கும் கோவிலுக்கும் வாசிக்கிறவன், அதுவும் கடலோரம் குடியிருக்கிறவன், வாங்கலாம்.

சம்பா கோவில் அண்ணனுக்குப் போன் போட்டுச் சொன்னேன். முழுசாகக் கேட்டுவிட்டு, "சரிடா, அந்தப் பழைய செட்ட என்ன பண்ண? தூக்கிப் போடாத, வெந்நீர்ல ஒரு கொதி விட்டுக் குடு, பசங்க பிராக்டீஸுக்கு ஆகும்" என்றார். நாளைக்கு ஞாயிறு, பூசை முடிந்ததும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.