கார் ஷெட்டை ஒழிக்கும் புரட்டாசி

புரட்டாசி, முதல் சனி

சென்னையில் கே.கே. நகர், அசோக் நகர் பக்கத்துப் பழைய தனி வீடுகளில், கேட்டைத் திறந்ததும் நேரே கார் ஷெட். அம்பாசடரும் பத்மினியும் ஓடிய காலத்தின் அளவுக்குக் கட்டியவை பல. பத்மினியின் அகலம் 1.46 மீட்டர், இன்றைய ஸ்விஃப்ட் ஏறத்தாழ 1.73 மீட்டர். பக்கக் கண்ணாடியை மடக்கி எப்படியோ உள்ளே விட்டாலும் கதவைத் திறந்து இறங்க வழியிருக்காது. அதனால் கார் தெருவுக்குப் போனது. ஷெட்டுக்குள் வீட்டில் இடமில்லாத சாமான்கள் குடியேறின.

ஷெட் ஒழிக்கத் தோதான காலம் புரட்டாசி. அக்டோபர் மூன்றாவது வாரத்தில் வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொள்ளும். அதையொட்டி ஆயுத பூஜையும் வரும். முதல் நாளுக்கு ஒரே வேலைதான்: உள்ளே இருப்பதையெல்லாம் வெளியே எடுத்துப் பரப்புவது. ராக் வாங்கும் ஆசையை அன்றைக்கு அடக்கிக்கொள்ள வேண்டும். முதலிலேயே ராக் வந்துவிட்டால், தரையில் கிடந்த குப்பை தட்டில் ஏறி உட்கார்ந்துகொள்ளும்.

வைத்துக்கொள்வது, கொடுப்பது, எறிவது என்று மூன்றாகப் பிரிக்கச் சொல்வார்கள். துணி அலமாரிக்கு அது போதும். ஷெட்டில் தேங்கிக் கிடப்பவற்றில் பாதி, வேண்டாம் என்று எப்போதோ முடிவாகி, யாரிடம் தள்ளுவது என்று தெரியாததால் நின்றுபோனவை. எனவே எடுத்துப் போகப்போகும் ஆளைக் கணக்கிட்டே குவியல் போட வேண்டும்: காயலான் கடை, பேட்டரி கடை, டயர் கடை, மெக்கானிக், மாநகராட்சி வண்டி.

மறுநாள், ஞாயிறு

காயலான் கடைக்குப் போவதை ஒரே மூட்டையாகக் கட்டினால் நஷ்டம். ஓடாத மோட்டாருக்குள் இருக்கும் செம்புக் கம்பியும் பழைய பித்தளைக் குழாயும் இரும்பைவிடப் பல மடங்கு விலை போகும். கலந்து போட்டால் எல்லாம் இரும்பு விலைக்கே நிறுக்கப்படும்.

இன்வெர்ட்டரிலிருந்து கழற்றிய பேட்டரி ‘ஆத்திர அவசரத்துக்கு உதவும்’ என்று மூலையில் வைக்கப்பட்டிருக்கும். உதவாது. சார்ஜ் ஏற்றாமல் விட்ட லெட்-ஆசிட் பேட்டரியில் ஈய சல்பேட் தகடுகளின்மேல் படிகமாக இறுகிவிடும்; அதன்பின் மின்சாரத்தை அது சரியாக ஏற்காது. ஆனால் உள்ளே இருக்கும் ஈயத்துக்கு மதிப்புண்டு. புதியது வாங்கும்போது பழையதைக் கொடுத்தால் கடையில் விலை குறைத்துக்கொள்வார்கள். 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும் பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பை உற்பத்தியாளர்மேல் வைக்கின்றன. உள்ளே கந்தக அமிலம் இருப்பதால் சாய்க்காமல் நிமிர்த்தியே தூக்க வேண்டும். முனைகளில் பூத்திருக்கும் வெள்ளைப் பொடியைச் சமையல் சோடா கரைத்த நீர் செயலிழக்கச் செய்யும்; அப்போதும் கையுறை அவசியம்.

இரண்டாம் சனி

டயர்களின் முறை. ‘பட்டன் நன்றாக இருக்கிறது, ஸ்டெப்னிக்கு ஆகும்’ என்று சேர்த்துவைத்தவைதான் அதிகம். டயரின் பக்கச்சுவரில் நீள்வட்டக் கட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். 3514 என்றால் 2014-ஆம் ஆண்டின் 35-ஆவது வாரத்தில் தயாரானது. ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயதாகும். பக்கவாட்டில் மெல்லிய வெடிப்புகள் ஓடத் தொடங்கியிருந்தால் பட்டனின் ஆழத்தைப் பார்த்துப் பயனில்லை.

மழைக்காலத்தில் டயரைப் போல் கொசுவுக்குத் தோதான இடம் வேறில்லை. எப்படி வைத்தாலும் உள்வளைவில் கொஞ்சம் தண்ணீர் தங்கும். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவின் முட்டைகள் அந்தச் சுவரில் ஒட்டியபடி மாதக்கணக்கில் காய்ந்து கிடந்தும் சாகாது. நீர் பட்டதும் பொரிக்கும், ஒரு வாரம் பத்து நாளில் கொசுவாகிவிடும். 1985-இல் அமெரிக்காவின் ஹூஸ்டனில் ஆசியப் புலிக்கொசு காலூன்றியதற்கு, ஆசியாவிலிருந்து இறக்குமதியான பழைய டயர்களே வழி என்று கருதப்படுகிறது. பழைய டயரைக் கவிழ்த்து வைப்பதெல்லாம் தற்காலிக ஏற்பாடுதான். டயர் கடைக்கே அனுப்பிவிட வேண்டும். போகி வரட்டும், கொளுத்திக்கொள்ளலாம் என்று வைப்பது அதைவிட மோசம்.

அன்று மாலை

தண்ணீர் பாட்டிலில் பெட்ரோல், மூடி இறுகிய தின்னர் டப்பா, பாதி பெயின்ட். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு பரவிப் போய் எங்கோ ஒரு தீப்பொறியைத் தொடும். அதே ஷெட்டில் இன்வெர்ட்டரும் சிலிண்டரும் இருந்தால் கேட்கவே வேண்டாம். நாள்பட்ட பெட்ரோலும் வடித்த என்ஜின் ஆயிலும் மெக்கானிக்கிடம் போக வேண்டியவை, சாக்கடைக்கு ஆகாது. ஆளி விதை எண்ணெய் கலந்த பாலிஷ் துடைத்த துணிகளைச் சுருட்டிக் குவித்தால், எண்ணெய் காற்றோடு வினைபுரியும் சூட்டிலேயே தீப்பிடிக்கக்கூடும். பிரித்து வெளியில் காயவிட வேண்டும்.

மறுநாள், ஞாயிறு

ராக் வாங்கும் நாள். துளையிட்ட ஆங்கிள் ராக் நல்லது. தட்டின் உயரத்தை மாற்றிக்கொள்ளலாம். 2015 டிசம்பர் வெள்ளம் புகுந்த வீடுகளில் ஷெட் சுவரில் பழுப்புக் கோடு ஒன்று இன்னும் மங்கலாகத் தெரியும். டிரில், மோட்டார், ஒயர் சுருள் எல்லாம் அந்தக் கோட்டுக்கு மேல். கனமானதைக் கீழே வைக்க வேண்டும் என்ற விதியும் உண்டல்லவா? ஜாக்கி, கடப்பாரை போல நனைந்தாலும் துடைத்துக்கொள்ளக்கூடியவற்றை அடித்தட்டில் வைத்தால் இரண்டுக்கும் சரியாகிவிடும். ராக்கைச் சுவரோடு போல்ட் போட்டுப் பிணைத்துவிட வேண்டும். அட்டைப்பெட்டி கரையானுக்குச் சோறு. மூடியுள்ள பிளாஸ்டிக் பெட்டிகளே மேல். பெயர்ச்சீட்டைப் பக்கவாட்டில் ஒட்ட வேண்டும். மேல்மூடியில் ஒட்டினால் அடுக்கியபின் தெரியாது.

ஆயுத பூஜைக்கு முந்தைய நாள்

எப்படியும் சந்தனம் குங்குமம் வைப்பதற்குக் கருவிகளை வெளியே எடுத்துத் துடைக்கும் நாள் இது. ஒரு பிளைவுட் பலகையில் ஆணியடித்து ஸ்பேனர், கட்டிங் பிளேயர், சுத்தியல் ஆகியவற்றை மாட்டி, ஒவ்வொன்றைச் சுற்றியும் பெயின்டால் கோடு வரைந்துவிடலாம். ஜப்பானியத் தொழிற்சாலைகளின் 5எஸ் முறையில் புழங்கும் உத்தி. எது காணாமல் போயிருக்கிறது என்பதை வெற்று உருவம் காட்டிக்கொடுக்கும். அக்கம்பக்கத்தில் இரவல் கேட்கும் வழக்கம் உள்ள தெருவானால் அந்த ஆணியில் வாங்கிப்போனவர் பெயரையும் தேதியையும் எழுதி ஒரு சீட்டு தொங்கவிடலாம். ஏணிக்கும் டிரில்லுக்கும் அது கட்டாயம் தேவைப்படும்.