இரண்டு துரு, ஒரு கொட்டகை

எம்.ஜி. கார்கள் பிறந்த ஆங்கிலேயச் சிற்றூரில், ஒருவருடைய வாழ்நாளில் மிச்சமிருக்கும் ஒரே ஒரு காருக்கான நேரத்தை எந்தக் காருக்குக் கொடுப்பது என்ற வழக்கு

தேம்ஸ் நதிக்கு லண்டனில் இருக்கும் பகட்டு அபிங்டனில் இல்லை. பழைய கல்பாலத்தின் அடியில் வாத்துகளுக்கும் படகுகளுக்கும் வழிவிட்டு நிதானமாகப் போகிறது. ஆக்ஸ்ஃபோர்டுக்குத் தெற்கே, பஸ் ஏறி உட்கார்ந்து ஒரு பத்திரிகையைப் புரட்டி முடிப்பதற்குள் வந்துவிடும் இந்த ஊர், பிரிட்டனிலேயே இடைவெளியின்றி மனிதர் வாழ்ந்துவரும் மிகப் பழைய நகரம் என்று உரிமை கொண்டாடுகிறது. எட்டாம் ஹென்றி 1538-ல் கலைத்த மடத்தின் மிச்சங்கள் ஒரு பக்கம். 17-ம் நூற்றாண்டின் கடைசியில் கட்டிய கவுன்டி ஹால் மறுபக்கம். அரச குடும்பத்தில் முடிசூட்டு விழா, திருமணம் என்று ஏதாவது வந்தால் அந்தக் கட்டடத்தின் உச்சியில் ஏறி, கீழே நிற்கும் கூட்டத்தின்மேல் பன் ரொட்டிகளை வீசுவது ஊர் வழக்கம்.

இன்று அருங்காட்சியகமாகிவிட்ட அந்தக் கவுன்டி ஹாலுக்குள் மன்னர் சமாச்சாரங்களுக்கு நடுவே ஒரு கார் நிற்கிறது. இங்கே கட்டப்பட்ட கடைசி எம்.ஜி.பி. கார்களில் ஒன்று. ஊரின் உண்மையான அரச வம்சம் அதுதான் என்று சொல்ல ஆளுக்குப் பஞ்சமில்லை.

எம்.ஜி. என்பது மாரிஸ் கராஜஸ். ஆக்ஸ்ஃபோர்டில் சைக்கிள் கடை வைத்துத் தொடங்கி கார் முதலாளியாக உயர்ந்த வில்லியம் மாரிஸின் விற்பனை நிலையம். அதன் மேலாளர் செசில் கிம்பர் சாதாரண மாரிஸ் கார்களுக்கு அழகான உடை மாட்டி விற்க ஆரம்பித்தார். அது தனிக் கம்பெனியாகி, 1929-ல் அபிங்டனில் காலியாகக் கிடந்த தோல் தொழிற்சாலை ஒன்றுக்குள் குடியேறியது. அடுத்த 51 ஆண்டுகளில் அங்கிருந்து 11 லட்சத்துக்கும் மேற்பட்ட கார்கள் வெளியே போயின. இவ்வளவுக்கும் அங்கே மின்சாரத்தில் நகரும் உற்பத்தி வரிசை கிடையாது. ஒரு நிலையில் வேலை முடிந்ததும் காரை அடுத்த நிலைக்குத் தொழிலாளர்கள் கையால் தள்ளினார்கள். கடைசி நாள்வரை தள்ளினார்கள்.

அந்தக் கடைசி நாள் வந்த விதத்தை ஊர் இன்னும் மறக்கவில்லை. 1979 செப்டம்பரில் பொன்விழா கொண்டாட்டம் முடிந்த கையோடு, அலங்காரத் தோரணங்கள்கூட இறங்காத நிலையில், தொழிற்சாலையை மூடப் போவதாக பிரிட்டிஷ் லேலண்ட் அறிவித்தது. ஊர்வலங்கள், மனுக்கள், லண்டன் பேச்சுவார்த்தைகள் எதுவும் பலிக்கவில்லை. 1980 அக்டோபரில் கதவு மூடியது. ரசிகர்களின் எம்.ஜி. கார் கிளப் இப்போதும் பழைய ஆலையின் பக்கத்தில்தான் இயங்குகிறது. அந்தத் தெருவின் பெயர் கல்லறைச் சாலை. யாரும் யோசித்து வைத்த பெயர் அல்ல. அங்கே நிஜமாகவே கல்லறை இருக்கிறது.

அந்தத் தெருவிலிருந்து நடந்து போகும் தூரத்தில் ஒரு செங்கல் வீடு. பின்னால் ஒரு கொட்டகை. கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறுவது ஈரத் துருவின் வாடை. இடப்பக்கம் 1971-ன் எம்.ஜி.பி. வலப்பக்கம் 1978-ன் டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர். இரண்டுக்கும் நடுவே ஓர் ஆள் ஒருக்களித்து நடக்கும் அளவு சந்து. வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற கணக்கு ஆசிரியர், வயது 67. அவருடைய அப்பா எம்.ஜி. ஆலையில் இருபது வருடத்துக்கு மேல் கார் பூட்டியவர். 1979 ஊர்வலத்தில் பதாகை பிடித்தவர். எம்.ஜி.பி. அவருடையது. 1998-ல் அவர் இறந்தபின் அது தெருவில் இறங்கவில்லை.

ஸ்பிட்ஃபயர் வந்த கதை வேறு. அப்பாவின் காரில் நேரடியாகக் கைவைக்க மகனுக்குத் துணிச்சல் இல்லை. தொழில் பழக ஒரு மலிவுக் கார் இருக்கட்டும் என்று 2004-ல் அக்கம்பக்கத்தில் வாங்கிப் போட்டார். பழகினார். பாதி பழகியதும் எம்.ஜி.பி. கூப்பிட்டது, அதில் பாதி பிரித்ததும் ஸ்பிட்ஃபயர் கூப்பிட்டது. இரண்டு பழைய கார் வைத்திருப்பவர் எவரும் ஒன்றையும் முடிப்பதில்லை என்பது ஊர் உலகத்தில் தெரிந்த உண்மை. இருபது ஆண்டுகள் இப்படியே ஓடின. இப்போது வலது முழங்கால் மடங்க மறுக்கிறது. ஒரு காரை முடிக்கத்தான் தெம்பு, பணம், வெயில் காலங்கள் மிச்சம் என்று அவரே கணக்குப் போட்டுவிட்டார். மனைவியின் நிபந்தனை இன்னும் கறார்: ஒன்று வாசலைத் தாண்டிப் போன பிறகுதான் மற்றதில் ஸ்பானர் வைக்க வேண்டும்.

எந்த ஒன்று?

ஒரு டிங்கரிடம் தீர்ப்புக் கேட்டால் ஐந்து நிமிடத்தில் ஸ்பிட்ஃபயர் என்று சொல்லிவிடுவார். அது தனி சேசிஸ்மேல் உட்கார்ந்திருக்கும் வண்டி. போல்ட்டுகளைக் கழற்றினால் நாலு பேர் சேர்ந்து உடலைத் தூக்கி ஓரமாக வைத்துவிடலாம். பானெட்டும் இரண்டு முன் மட்கார்டுகளும் ஒரே துண்டு. முதலை வாய்போல முன்னோக்கித் திறக்கும். திறந்தபின் முன் டயர்மேல் உட்கார்ந்துகொண்டே எஞ்ஜின் வேலை பார்க்கலாம். மடங்காத முழங்காலுக்கு இதைவிடப் பெரிய சலுகை ஏது? நோய் என்று பார்த்தால் ஒன்றுதான். இந்த எஞ்ஜின்களில் கிராங்க்கை முன்பின் அசையாமல் பிடித்திருக்கும் பிறைவடிவ வாஷர்கள் தேய்ந்து விழுந்துவிடும். சோதனை எளிது. ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, இன்னொருவர் முன்னால் நின்று கிராங்க் கப்பியைக் கவனிக்க வேண்டும். மனைவி மிதித்தார், கணவர் பார்த்தார். கப்பி மயிரிழைதான் அசைந்தது. இரண்டு கோடைக் காலத்தில் ரோட்டுக்கு வந்துவிடும்.

எம்.ஜி.பி.யின் கதை கேட்கச் சகிக்காது. அதற்குத் தனி சேசிஸ் இல்லை, உடலே எலும்பு. கூரையில்லாத கார் என்பதால், கதவுகளுக்குக் கீழே முன்சக்கரத்திலிருந்து பின்சக்கரம்வரை ஓடும் பெட்டித் தகடுகள்தான் அதன் முதுகுத்தண்டு. வெளித்தகடு பெயிண்டில் பளபளக்கும். உள்ளே மறைந்திருக்கும் அடுக்குகள் அப்பளமாக நொறுங்கியிருக்கும். ஜாக்கியில் ஏற்றியதும் இந்தக் காரின் கதவு இறுகிக்கொண்டது. உடல் நடுவில் தொய்கிறது என்று அதற்கு அர்த்தம். அழுகியதை வெட்டியெடுக்குமுன் கதவு வாயில்களுக்குக் குறுக்கே கம்பி வைத்து வெல்டிங் செய்து கட்டாவிட்டால், வேலை முடிந்தபின் கதவு எதுவும் பொருந்தாது. தரைத் தகடு போய்விட்டது. பின் ஸ்பிரிங் மாட்டும் இடம் போய்விட்டது. பழுது பார்ப்பதற்கு உலோகத்தைவிட ஓட்டை அதிகம்.

இந்திய வாசகருக்கு இந்தக் கொட்டகை இன்னொரு விதத்தில் பழக்கமான இடம். ஸ்பிட்ஃபயரின் அடியில் இருப்பது டிரையம்ஃப் ஹெரால்டின் சேசிஸைக் குறுக்கிய வடிவம். இரண்டு கார்களையும் வரைந்தவர் ஒரே இத்தாலியர், ஜியோவன்னி மிக்கெலோட்டி. அந்த ஹெரால்டுதான் சென்னைக்குப் பக்கத்தில் வண்டலூரில் 1961-லிருந்து ஸ்டாண்டர்ட் ஹெரால்டு என்ற பெயரில் தயாரானது. பிரிட்டனில் இல்லாத நாலு கதவு ஹெரால்டைக்கூட 1968-ல் வண்டலூர் செய்து காட்டியது. குறுகலான சந்தில் ஒரே வளைப்பில் திரும்பிய அந்தக் காரை ஓட்டிய டாக்டர்களும் வக்கீல்களும், தங்கள் காலடியில் பாதி ஸ்போர்ட்ஸ் கார் இருந்ததை அறிந்திருப்பார்களா, தெரியாது.

எம்.ஜி.பி.யின் உறவு உத்தர்பாராவில். மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டுதான் அம்பாசடர் ஆனது என்பது ஊரறிந்த விஷயம். 2014 வரை அந்த வண்டி உத்தர்பாராவிலிருந்து வந்துகொண்டிருந்தது. பல காலம் அதை இழுத்த 1489 சி.சி. பெட்ரோல் எஞ்ஜின், எம்.ஜி.பி.க்கு முந்தைய எம்.ஜி.ஏ. ஸ்போர்ட்ஸ் காரில் 1955-ல் வந்த அதே வம்சம். எம்.ஜி.பி.யில் இருப்பது அதையே 1798 சி.சி. ஆகப் பெருக்கியது. அரசாங்க வெள்ளை அம்பாசடரின் எஞ்ஜினும் இந்தக் காதல் காரின் எஞ்ஜினும் பெரியப்பா, சித்தப்பா பிள்ளைகள். இப்போது குஜராத்தின் ஹாலோலிலிருந்து வரும் எம்.ஜி. கார்களுக்கு அந்த எண்கோணச் சின்னம் மட்டும்தான் சொந்தம். பல கை மாறி சீன கம்பெனியிடம் போன பெயர், 2019-ல் இந்தியாவில் இறங்கியது.

கொட்டகை வழக்குக்குத் திரும்பினால், அதில் ஒரு குடும்பச் சங்கடமும் உண்டு. 1968-ல் பிரிட்டிஷ் லேலண்ட் உருவானபோது எம்.ஜி.யும் டிரையம்ஃபும் ஒரே கூரைக்குள் சக்களத்திகள் ஆயின. புது ஸ்போர்ட்ஸ் காருக்கான பணம் டிரையம்ஃபுக்கே போனது, 1975-ல் டி.ஆர்.7 வந்தது. எம்.ஜி.பி. 1962-ன் வடிவத்திலேயே கிழடானது. அபிங்டனைக் கொன்றது கவன்ட்ரி என்று அப்பா சாகும்வரை சொன்னார். தன் கொட்டகையில் ஒரு டிரையம்ஃப் நிற்பதை அவர் ஒருநாளும் பொறுத்திருக்க மாட்டார். கவன்ட்ரியும் வாழவில்லை என்பதுதான் வேடிக்கை. அங்கே கேன்லி ஆலையில் ஸ்பிட்ஃபயர் நின்றதும் அதே 1980-ல்தான். 1984-க்குப் பின் டிரையம்ஃப் என்ற பெயரிலேயே கார் வரவில்லை. சண்டையிட்ட இருவருக்கும் ஒரே வருடத்தில் திதி.

முழங்காலும் கணக்கும் ஸ்பிட்ஃபயர் பக்கம் நிற்க, எம்.ஜி.பி. பக்கம் ஒரே ஒரு சாட்சி இருந்தது. அபிங்டனிலிருந்து அரை மணி நேரக் கார் பயணத்தில் உள்ள விட்னியில், பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிட்டேஜ் நிறுவனம் பழைய அச்சுகளைக் கொண்டே எம்.ஜி.பி.யின் முழு உடல்கூட்டைப் புதிதாகச் செய்கிறது. 1988-ல் ஆரம்பித்த வேலை. எஞ்ஜின், கியர்பாக்ஸ், ஆக்சில், இருக்கைகள் எல்லாவற்றையும் துருப்பிடித்த கூட்டிலிருந்து இறக்கிப் புதிய கூட்டில் ஏற்றலாம். அதே வகைப் புதிய கூடு என்பதற்கு ரசீது காட்டினால் பழைய பதிவு எண்ணும் போகாது. நாற்பது வயது தாண்டிய, பெரிய மாற்றமில்லாத கார் என்பதால் ரோட் டாக்ஸ் இல்லை. 2018-லிருந்து வருடாந்தரச் சோதனையும் இல்லை. எஃப்.சி.க்கு அலைந்த நம்மூர்க்காரர்கள் பெருமூச்சு விடலாம்.

விலைதான் உறுத்தல். கொட்டகையில் இருக்கும் இரண்டு கார்களையும் இப்போதைய நிலையில் விற்றாலும் ஒரு கூடு வாங்க முடியாது. அதைவிடப் பெரிய உறுத்தல், கணக்கு வாத்தியாரைத் தூங்கவிடாமல் செய்தது: உடலை மாற்றியபின் அது அப்பாவின் கார்தானா? புது உடலில் பழைய எஞ்ஜினை வைத்துவிட்டு, அப்பா வண்டி என்று தன்னையே ஏமாற்றிக்கொள்வதா? அப்படியானால் நேர்மையாக ஸ்பிட்ஃபயரை முடித்துவிட்டு, எம்.ஜி.பி.யைத் துருவோடு துருவாக வைத்திருப்பது மேல் என்றே அவர் பல மாதம் நினைத்திருந்தார்.

தீர்ப்பு ஒரு காகிதத்திலிருந்து வந்தது. கேய்டன் என்ற இடத்திலுள்ள பிரிட்டிஷ் மோட்டார் மியூசியத்தில் பழைய உற்பத்திப் பதிவேடுகள் இருக்கின்றன. கட்டணம் செலுத்தினால் ஒரு காரை என்று கட்டினார்கள், முதலில் என்ன நிறம், எங்கே போனது என்று சான்றிதழ் தருவார்கள். அதை வரவழைத்துப் படித்தபோது அவருக்கு ஒன்று உறைத்தது. கட்டிய தேதி என்றால் எதைக் கட்டிய தேதி? எம்.ஜி.பி.யின் உடலை அபிங்டன் ஒருநாளும் செய்யவில்லை. கூடு வேறு ஊரில் அழுத்தி, பெயிண்ட் அடித்து, லாரியில் வந்து இறங்கியது. எஞ்ஜினும் வேறு ஆலையிலிருந்து வந்தது. அபிங்டன் செய்தது பூட்டியது மட்டுமே. பூட்டினார்கள், கையால் தள்ளினார்கள், மறுபடி பூட்டினார்கள். அப்பா அவருடைய காலத்தில் செய்ததும் அதுதான். வெளியூரிலிருந்து வரும் ஒரு புதுக் கூட்டை அபிங்டனில் வைத்துக் கையால் பூட்டினால், 1971-ல் நடந்ததற்கும் இதற்கும் என்ன பெரிய வித்தியாசம்?

வாதம் கொஞ்சம் வக்கீல்தனமானதுதான். ஆனால் அசல் உதிரிபாகத்துக்குக் கோயில் கட்டும் பழங்கார் ரசிகர்களின் வாதங்களைவிட இதில் நியாயம் அதிகம். கேட்ட மனைவி, முதலிலேயே இதைச் சொல்லியிருந்தால் ஆறு மாதம் தூங்கியிருக்கலாமே என்றார்.

ஸ்பிட்ஃபயரை வாங்க கவன்ட்ரியிலிருந்து ஓர் இளம் தம்பதி வந்தார்கள். அந்தப் பெண்ணின் தாத்தா கேன்லி ஆலையில் வேலை பார்த்தவராம். விலையில் பேரம் அதிகமில்லை. பேட்டரி இல்லாததால் வண்டியை நாலு பேருமாகக் கொட்டகையிலிருந்து தள்ளிக்கொண்டு வந்து டிரெய்லரில் ஏற்றினார்கள். அதோடு இருபது ஆண்டுகளாகச் சேர்த்த உதிரிபாகங்கள் மூன்று பெட்டி. புத்தம்புது பிறை வாஷர்கள் ஒரு ஜோடி, தேநீர் டப்பாவில்.

கிடைத்த பணமும் சேமிப்பிலிருந்து எடுத்த பணமும் விட்னிக்குப் போயின. எம்.ஜி.பி.யின் எஞ்ஜின் இப்போது ஸ்டாண்டில் தொங்குகிறது. இரட்டைக் கார்புரேட்டர்கள் சமையலறை மேஜையில். பழைய கூட்டை என்ன செய்வது என்று மட்டும் முடிவாகவில்லை. காயலான் கடைக்காரர் இரண்டு தடவை போன் செய்தார். இப்போதைக்கு அதைத் தள்ளி, ஸ்பிட்ஃபயர் நின்ற இடத்தில் நிறுத்தியிருக்கிறார். புதுக் கூடு வந்தால் கொட்டகையில் மறுபடியும் இரண்டு கார். மனைவி பார்த்தும் பாராததுபோல் இருக்கிறார்.