ஆறு ஃபேன் இருக்கு, வாசல் எங்கே?

பொட்டி தட்டுற பொழப்புல இருக்கறவன் ஊருக்குப் போனா ரெண்டு வேலை காத்துக்கிட்டு இருக்கும். ஒண்ணு, பன்னெண்டாவது முடிச்ச பசங்களுக்கு எந்தக் காலேஜ், எந்த பிராஞ்ச்னு சொல்றது. இன்னொண்ணு, யார் வீட்டுக் கம்ப்யூட்டரையாவது பிரிச்சுப் பார்க்கறது. "நான் சாஃப்ட்வேருங்க, இது ஹார்டுவேருங்க"ங்கற பேச்செல்லாம் எங்க பக்கம் எடுபடாது. "எல்லாம் ஒண்ணுதான், மொதல்ல இந்த ஸ்க்ரூவைக் கழட்டு" என்பார்கள்.

இந்தப் பதிவு அந்த ரெண்டாவது வேலையைப் பற்றியது. கேபினட்டுக்குள்ள ஃபேனை எந்தப் பக்கம் பார்த்து மாட்டணும், எத்தனை மாட்டணும், ஏன் மாட்டணும். நடுவுல கோழியும் வரும். நாமக்கல்காரன் எழுதற பதிவுல கோழி வராம இருக்குமா :-)

முதல்ல வெயிலைப் பத்தி ஒரு வார்த்தை. 1997-ல சேலத்துல இருந்து நாமக்கல் தனி மாவட்டமாப் பிரிஞ்சு போச்சு. ஆனா வெயிலுக்கு அந்த அரசாணை இன்னும் போய்ச் சேரலை. நிமிர்ந்து பார்த்தா ஒரு பக்கம் ஏற்காடு, ஒரு பக்கம் கொல்லிமலைன்னு கண்ணுக்குக் குளிர்ச்சியா இருக்கும். கீழ சமவெளியில நிக்கிறவனுக்கு ஏப்ரல், மே மாசத்துல 38, 39 டிகிரியெல்லாம் சாதாரணம். 2024 ஏப்ரல் கடைசியில சேலத்துல பல நாள் 40-ஐத் தாண்டியது.

இதை ஏன் சொல்றேன்னா, நாம வாங்கற கம்ப்யூட்டர் நம்ம ஊர் வெயிலை நினைச்சு வடிவமைச்சது இல்லை. 2000-களில் இன்டெல் கம்பெனி கேபினட் தயாரிக்கறவங்களுக்கு ஒரு வழிகாட்டி கொடுத்திருந்தது. வெளியே அறையில் 35 டிகிரி இருந்தா, பிராசசர் மேல போய் விழற காற்று 38-ஐத் தாண்டக்கூடாது என்பது அதன் சாரம். அந்தக் காலத்துக் கேபினட்டுகளில் பக்கப் பலகையில வட்டமா ஓட்டை போட்டு, உள்ளே பிளாஸ்டிக் குழாய் ஒண்ணு பிராசசரைப் பார்த்து நீட்டிக்கிட்டு இருக்குமே, ஞாபகம் இருக்கா? வெளிக்காற்றை நேரா பிராசசருக்கே கொண்டுபோறதுக்கான ஏற்பாடு அது. கணக்கு சரிதான். ஆனா அந்தக் கணக்கு ஆரம்பிக்கற 35 டிகிரியை எங்க ஊர் அறை காலை பத்து மணிக்கே தாண்டிரும்.

சரி, விஷயத்துக்கு வருவோம்.

என் மாமா பையன் ராசிபுரம் பக்கம் கல்யாண வீடியோ எடிட் பண்ணிக் கொடுக்கற தொழில் பண்றான். மாமா முட்டைக்கோழிப் பண்ணைக்காரர். பையன் பண்ணையைப் பார்த்துக்குவான்னு இருந்தவர். அவன் கேமராவைத் தூக்கிக்கிட்டுப் போனதில் மனுஷனுக்கு வருத்தம். பண்ணை வீட்டு மாடியிலதான் அவன் எடிட்டிங் ரூம், கீழதான் அவர் இருக்கார், ஆனாலும் ரெண்டு வருஷமா ரெண்டு பேரும் பேசிக்கிட்டது தீவன மூட்டைக் கணக்கு மட்டும்தான். இந்த லட்சணத்துல அவன் தவணைக்கு ஒரு புது கம்ப்யூட்டர் வாங்கினான். முன்னாடியும் பக்கத்துலயும் கண்ணாடி வெச்ச, மீன் தொட்டி மாதிரி கேபினட். ஆறு ஃபேன். கலர் கலரா லைட்டு.

சித்திரையில அது படுத்துக்கிச்சு. வீடியோவை ரெண்டர் போட்டா முதல் பத்து நிமிஷம் ஓடும், அப்புறம் இழுக்கும், அப்புறம் பொட்டுனு அணைஞ்சுரும். கையில மூணு கல்யாண வீடியோ. அதுல ஒரு பொண்ணு அடுத்த வாரம் வெளிநாடு கிளம்புது. கல்யாணத்தைத் திருப்பி நடத்தி எடுக்க முடியாதில்லையா? அசெம்பிள் பண்ணிக் கொடுத்த கடையில் கேட்டா, இன்னும் ரெண்டு ஃபேன் போடலாம் தம்பின்னு சொல்லிட்டாங்க.

"மச்சான், எட்டு ஃபேன் போட்டா சரியாயிருமா?" என்றான்.

ஃபேன் எண்ணிக்கையை முடிவு பண்றதுக்கு முன்னாடி ஒரு சின்னக் கணக்கு போடலாம். பிராசசரும் கிராஃபிக்ஸ் கார்டும் சேர்ந்து 300 வாட் எடுக்குதுன்னு வெச்சுக்குவோம். எடுத்த கரண்ட்டு அத்தனையும் கடைசியில சூடாத்தான் மாறும். உள்ளே போற காற்றைவிட வெளியே வர்ற காற்று 10 டிகிரி மட்டும் கூடுதலா இருக்கணும்னா, அந்தச் சூட்டை அள்ளிக்கிட்டுப் போக நிமிஷத்துக்கு சுமார் 1.6 கன மீட்டர் காற்று வேணும். ஃபேன் டப்பாவுல போடற அளவையில் சொன்னா ஏறக்குறைய 55 சி.எஃப்.எம். நல்ல 120 மில்லிமீட்டர் ஃபேன் ஒண்ணே கிட்டத்தட்ட இவ்வளவு தள்ளும், எதிர்ல தடை எதுவும் இல்லைன்னா.

அந்த "தடை இல்லைன்னா"தான் முக்கியம். டப்பாவுல போட்டிருக்கற எண், எதிர்ல ஒண்ணுமே இல்லாத வெட்டவெளிக் கணக்கு. கண்ணாடிக்குப் பின்னாடி, கேபிள் கட்டுக்கு நடுவுல, தூசி பிடிச்ச வலைக்கு அந்தப் பக்கம் அதே ஃபேனை வெச்சா பாதிகூடத் தள்ளாது. ஒண்ணே போதும்ங்கற வேலைக்கு அவன்கிட்ட ஆறு இருக்கு. அப்போ பஞ்சம் ஃபேனுக்கு இல்லை.

ஊதுபத்தி ஒண்ணைக் கொளுத்தி கேபினட்டைச் சுத்திக் காட்டினேன். இதைவிட மலிவான கருவி உலகத்துல கிடையாது. பின்பக்க ஃபேன்கிட்ட புகை வெளியே தள்ளப்பட்டது, நியாயம். மேலே இருந்த ரெண்டும் வெளியே தள்ளுச்சு, அதுவும் நியாயம். பக்கவாட்டுல இருந்த மூணும் வெளியேதான் தள்ளுச்சு!

காரணம் அழகு. ஃபேனுக்கு மூஞ்சி, முதுகு உண்டு. இறக்கை மட்டும் தெரியற பக்கம் மூஞ்சி. அந்தப் பக்கம் காற்றை உறிஞ்சும். மோட்டாரைப் பிடிச்சுக்கிட்டு நாலு கை இருக்கற பக்கம் முதுகு. அங்கேதான் காற்று வெளியேறும். பக்கவாட்டு ஃபேனை உள்ளே காற்று வர்ற மாதிரி மாட்டினா, கண்ணாடி வழியா அதன் முதுகு தெரியும், ஒயர் தெரியும், பார்க்க லட்சணமா இருக்காது. அதனால மூஞ்சி தெரியற மாதிரி திருப்பி மாட்டியிருக்காங்க. ஆறும் வெளியே தள்ளுது. உள்ளே வர அடியில ஒரு சல்லடை இருந்தது, அதையும் மேஜைமேல விரிச்ச ரெக்சின் அடைச்சுக்கிட்டிருந்தது. பின்னாடி கார்டு சொருகற இடுக்குல மட்டும் புகை உள்ளே போச்சு. அந்த இடுக்கு முழுக்க மாவு மாதிரி மஞ்சத் தூசி. கீழே தீவனத்துக்கு மக்காச்சோளம் அரைக்கறாங்களே, அந்தத் தூசி.

மாமா எப்போ மாடியேறி வந்தார்னு தெரியலை. கதவுகிட்ட நின்னு புகையைப் பார்த்துக்கிட்டே இருந்தார்.

"ஏன் மாப்ள, எல்லாம் வெளியவே தள்ளுதே, காத்து உள்ள வர்ற வாசல் எங்க?"

"அதுதானுங்க மாமா இல்லை."

"வாசல் இல்லாம ஆறு ஃபேன் வெச்சா என்ன, அறுபது வெச்சா என்ன? பக்கத்துக்காட்டு ஈ.சி. ஷெட்டுல இப்படி வெச்சிருந்தா ஒரு கோழி மிஞ்சாது."

மக்களே, அந்த ஒரு வரியில முழுப் பாடமும் இருக்கு. கறிக்கோழிக்குக் கட்டற ஈ.சி. ஷெட்டைப் பார்த்திருக்கீங்களா? நீளமான மூடின கொட்டகை. ஒரு கடைசியில பெரிய பெரிய எக்ஸாஸ்ட் ஃபேன். அத்தனையும் காற்றை வெளியேதான் தள்ளும், ஒண்ணுகூட உள்ளே தள்ளாது. ஆனா எதிர்க் கடைசியில அகலமா ஈர அட்டைச் சுவர் இருக்கும், காற்று அது வழியா நுழைஞ்சு, கொட்டகை நீளத்துக்கும் ஓடி, மறுமுனையில வெளியேறும். நடுவுல யாராவது ஒரு கதவைத் திறந்து வெச்சா போச்சு. காற்று சுலபமான வழியில நுழைஞ்சுரும், ஈர அட்டைக்கும் அந்தக் கதவுக்கும் நடுவுல இருக்கற கோழி புழுங்கும். ஆக, எல்லா ஃபேனும் வெளியே தள்ளறது தப்பே இல்லை. நுழையற வாசலை அடைச்சு வெச்சுட்டு வெளியே தள்ளறதுதான் தப்பு.

மாமாவோடது பழைய மாதிரி பக்கம் திறந்த கொட்டகை. அதுலயும் இதே அறிவுதான். நீளவாக்கு கிழக்கு மேற்கா இருக்கும், வெயில் நேரா உள்ளே விழாம. அகலம் முப்பது அடி வாக்கிலேயே நிறுத்திக்குவாங்க, இந்தப் பக்கம் நுழைஞ்ச காற்று அந்தப் பக்கம் போய்ச் சேரணுமே. கோழிக்கு வேர்க்காது, வேர்வைச் சுரப்பியே கிடையாது. உடம்புச் சூடு எப்பவும் 41 டிகிரி வாக்குல. வெயில் ஏறினா வாயைத் திறந்து மூச்சு வாங்கும், தீவனம் குறைக்கும், முட்டை குறையும், ஓடு மெலிசாகும். பிராசசரும் அப்படித்தான். 100 டிகிரியை நெருங்கினா தன் வேகத்தைத் தானே குறைச்சுக்கும், ரெண்டர் இழுக்கும். அதுக்கும் மேல போனா உயிரைக் காப்பாத்திக்க அணைஞ்சுக்கும். கோழிக்கு அந்த வசதி இல்லை.

இதே பாடத்தை இன்டெல்லும் ஒரு தடவை படிச்சது. பென்டியம் 4 அடுப்பா எரிஞ்சுக்கிட்டிருந்த 2004-ல பி.டி.எக்ஸ். என்று புது அமைப்பு ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. முன்னாடி நுழையற காற்று முதல்ல பிராசசர்மேல போய், நேர்கோட்டுல ஓடிப் பின்னாடி வெளியேறும். அசல் ஈ.சி. ஷெட்! 2006-ல சூடு குறைஞ்ச கோர் 2 வந்ததும் அதைக் கைவிட்டுட்டாங்க. 1995-ல வந்த ஏ.டி.எக்ஸ். அமைப்பே நிலைச்சுது, அதுலதான் இன்னைக்கும் குடும்பம் நடத்தறோம். அதனால நேர்கோட்டு வழியை நாமதான் உண்டாக்கிக்கணும்.

தம்பி பொட்டியில செஞ்சது இவ்வளவுதான். பக்கவாட்டு மூணு ஃபேனையும் திருப்பினோம், இப்போ உள்ளே ஊதுது. அதுக்கு வெளியே கழுவி மாட்டற மாதிரி நைலான் வலை. மேலே முன்பக்கம் இருந்த ஃபேனைக் கழட்டிட்டோம், ஏன்னா உள்ளே நுழைஞ்ச புதுக்காற்றை அது பிராசசர்கிட்ட போக விடாம மேலேயே உறிஞ்சிக்கிட்டிருந்தது. மூணு உள்ளே, ரெண்டு வெளியே. உள்ளே வர்றது கொஞ்சம் கூடுதலா இருந்தா இடுக்கு வழியாகவும் காற்று வெளியேதான் கசியும், தூசி அந்த வழியா நுழையாது. ரெக்சினை நறுக்கி அடிச் சல்லடையைத் திறந்தோம். சுவத்துல முட்டிக்கிட்டிருந்த பொட்டியை ஒரு சாண் முன்னாடி இழுத்தோம். ஃபேன் இறக்கையை விரலால பிடிச்சுக்கிட்டு (இல்லைன்னா பம்பரமாச் சுத்திக் கெட்டுப்போகும்) புளோயர்ல தூசி ஊதினோம். 97-98ல திணறின பிராசசர் அதே ரெண்டருக்கு 84-ல நின்னுச்சு. விடிய விடிய ஓடி மூணு வீடியோவும் முடிஞ்சுது. வலை விலை தவிர செலவு இல்லை, ஒரு ஃபேன் மிச்சம்.

ஃபேன் முதுகு தெரியுதேன்னு தம்பிக்கு மட்டும் மனக்குறை. மாமா சொன்னார், "சாமி, காத்து வர்றது தெரியுதில்ல, அதுதான் லட்சணம்." அடுத்த வாரம் தம்பி கொட்டகையோட ரெண்டு கோடியிலும் ஆளுக்கொரு தெர்மாமீட்டர் தொங்கவிட்டு, எந்த மூலையில காற்று ஓடலைன்னு அவருக்குக் கணக்கு எடுத்துக் கொடுத்தான்னு அத்தை போன்ல சொன்னாங்க. தீவனக் கணக்கைத் தாண்டி ரெண்டு பேருக்கும் இன்னொரு பேச்சு கிடைச்சிருக்கு.

உங்க பொட்டிக்கும் ரெண்டு சோதனை சொல்றேன். பக்கப் பலகையைக் கழட்டி வெச்சா சூடு நல்லாக் குறையுதா? அப்போ உள்ளே காற்றுக்கு வழி இல்லைன்னு அர்த்தம். அதுக்காகத் திறந்தே வெச்சிராதீங்க, வழியைச் சரி பண்ணுங்க, இல்லைன்னா தூசிக்கு விருந்துதான். ரெண்டாவது, தூசி எங்கே திட்டாப் படிஞ்சிருக்குன்னு பாருங்க. உங்க பொட்டிக்கு நிஜமான வாசல் அதுதான், நீங்க நினைச்சுக்கிட்டிருக்கறது இல்லை.

ஒண்ணு மட்டும் எந்த ஃபேனாலும் முடியாது. அறையில 39 டிகிரி இருந்தா அதுக்குக் கீழே பொட்டியைக் குளிர வைக்க முடியாது. ஃபேன் குளிர்ச்சியைத் தயாரிக்கற மெஷின் இல்லை, சூட்டை வெளியே கொண்டுபோய் விடற வண்டி, அவ்வளவுதான். அந்த வண்டி வந்து போக ரோடு போட்டுக் கொடுக்கறது நம்ம வேலை.