தென்காசி முதல் குற்றாலம் வரை

இங்கு வருவோர் பலர் புகைவண்டியினின்று இறங்கியதும் அருவிக்கே விரைகின்றனர். யானோ அவ்வழியைக் கால்நடையாகவே கண்டேன். தென்காசிக் கோயில் வீதிகள் அரசன் புகழ் பேசுவன. பதினைந்தாம் நூற்றாண்டில் அக்கோயிலை எடுப்பித்த பராக்கிரம பாண்டியன், பிற்காலத்தில் அதனைக் காப்போரின் அடிகளைத் தான் முன்னரே வணங்குவதாகக் கல்லில் பொறித்தான். சிதைந்த இராசகோபுரம் 1990-இல் புதிதாய் எழுந்து குடமுழுக்குக் கண்டது, அவ்வணக்கம் வீண்போகவில்லை.

அடுத்துள்ள மேலகரம் புலவன் ஊர். குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயர் வாழ்ந்த இடம் அது. அப்பால் குற்றாலம். பேரருவியின் முழக்கத்தருகே சங்குவடிவக் கோயிலும், சற்று விலகிச் சுவரோவியம் நிறைந்த சித்திரசபையும் விளங்குகின்றன.

அரசன் கல்லையும், கவிராயர் சொல்லையும், மலை நீரையும் நமக்கு அளித்தனர். நாமோ அருவிக்கரையில் எண்ணெய்ப் பிசுக்கையும் குப்பையையும் விட்டு வருகின்றோம். நண்பர்காள்! பாண்டியன் வணங்கியது காண்போரை அன்று, காப்போரையே.